பந்தில்லாத ஆட்டம்

நடுவர் தேர்வின் கடைசிப் பகுதியில் பந்து கிடையாது. பந்து இருப்பதுபோல் இருபத்திரண்டு பேரும் ஆடுவார்கள், நீ விசில் ஊதித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார் தேர்வாளர். டெல்பினாவுக்கு இது மூன்றாவது முறை. இதில் தோற்றால் இனி விண்ணப்பிக்க முடியாது. முதலில் ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்த்துக் குழம்பிப்போய் ஓடினாள். பிறகு எல்லோருடைய தலையும் திரும்பிய பக்கமாகத் திரும்பினாள். ஒருவன் ஓங்கி உதைத்தான். கோல்கீப்பர் கோட்டின் மேல் பாய்ந்து விழுந்தான். அவள் விசில் ஊதி, கோல் என்று மைதானத்தின் நடுவைக் காட்டினாள்.

"எக்கா, கண்ணு அவிஞ்சு போச்சா? பந்து கோட்டுலல்லா நிக்குது!" என்று ஓர் அணி அவளைச் சூழ்ந்துகொண்டது. மற்ற அணி கட்டிப்பிடித்துக் குதித்தது.

தேர்வாளர் ஓடி வந்து, கோட்டருகே குனிந்து வெகுநேரம் மண்ணைப் பார்த்தார். அவர் கையிலிருந்த தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

"பந்து முழுசா கோட்டைத் தாண்டிச்சாம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

"தாண்டிச்சு சார்."

கோல்கீப்பர் மட்டும் எழுந்திருக்கவில்லை. எதையோ நெஞ்சோடு இறுக அணைத்தபடி கோட்டின் மேலேயே கிடந்தான். கையை எடு என்று அவனிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.