மரத்தைத் தவிர எல்லாம்

"ஊஞ்சல் சங்கிலியில இந்தக் கண்ணாடி உருண்டையைக் கட்டு" என்றார் சம்பத்குமார்.

யதுகிரி கட்டினாள். வாசலில் மாவிலைக்குப் பதில் வெள்ளித்தாள் நட்சத்திரம், தூண்களில் காகிதச் சங்கிலி, கொலுப்படியில் இறக்கை முளைத்த பொம்மைகள். எல்லாம் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்தவை.

"மரம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் நட்டுடுங்கோ."

"மரம் வச்சா அக்ரஹாரத்துல நம்மைத் தள்ளி வச்சுடுவா. மத்ததெல்லாம் வெறும் அலங்காரம்னு சொல்லிக்கலாம்."

"இவ்வளவும் எதுக்கு?"

"எங்க ஆபீஸ் ஸ்காட்லாந்து துரை கிறிஸ்துமஸும் அதுவுமா நம்மாத்துக்கு வரார். தலைமை குமாஸ்தா வேலை எனக்கா, நஞ்சுண்டய்யாவுக்கான்னு இன்னிக்குத்தான் முடிவு. அவர் மனசு குளிர வேண்டாமா?"

துரை வந்தார். நட்சத்திரத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. படியேறாமலே இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

யதுகிரி கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். "என்ன சொன்னார்?"

"அவர் சபையில கிறிஸ்துமஸே கிடையாதாம். இதெல்லாம் வேற சபைக்காரா பண்ற கூத்தாம். ஆபீஸ் லீவாச்சேன்னுதான் இன்னிக்கு வந்தாராம்."

"வேலை?"

"வண்டி நஞ்சுண்டய்யா ஆத்துப் பக்கம் போறது."

எதிர்வீட்டுக்காரர் வடகலை நாமம் போடுகிறார் என்பதற்காகப் பத்து வருஷமாக அங்கே தண்ணீர்கூடக் குடிக்காத தன் கணவரை யதுகிரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவாளுக்குள்ள மட்டும் வடகலை தென்கலை இருக்காதுன்னு நினைச்சுட்டேளா?"