வாய் திறக்காத பாடகி

"நாற்பது நிமிஷமும் வெறும் வாசிப்பா? ஒரு வார்த்தைகூட கிடையாதா?" ஹெட்போனைக் கழற்றிய இசைக் கம்பெனி மேனேஜருக்கு ஏசி அறையிலும் வியர்த்தது.

"ராக் ஆல்பம் சார். கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு மட்டும்தான்," என்றான் கிட்டாரிஸ்ட். நண்பர்கள் நான்கு பேர் இதற்காக இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்திருந்தார்கள்.

"பாட்டே இல்லாம யார் வாங்குவா? உங்க வீட்டம்மா எவ்ளோ பெரிய பாடகி! ரெண்டு வரி பாடச் சொல்லுங்களேன்."

அருகில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நிமிர்ந்தாள். "நான் பாட மாட்டேன் சார்."

மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை. 'புருஷன் பேர் வாங்கறது பொறுக்கலை போல' என்று முணுமுணுத்தபடியே, வேறு வழியில்லாமல் அப்படியே வெளியிடச் சம்மதித்துக் கிளம்பினார்.

ஆல்பம் வெளியாகி மூன்றே மாதத்தில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. பாராட்டு விழா அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக மேடையேறி, மனைவியோடு நின்ற கிட்டாரிஸ்டிடம் பூங்கொத்தை நீட்டினார்.

"எப்படி சார் இப்படி ஒரு மெட்டுப் போட்டீங்க?"

"நானா? எனக்கு வாசிக்கத்தான் தெரியும். நீங்க ஆல்பம் அட்டையோட பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லையா? மொத்தமும் இவ போட்ட மெட்டு சார்!"

மேனேஜர் திகைத்துப்போய் அவள் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏம்மா பாட மாட்டேன்னு அவ்ளோ பிடிவாதம் பிடிச்சீங்க?"

அவள் சிரித்தாள். "நான் வாயைத் திறந்தா எல்லாரும் என் குரலைத்தான் சார் கேட்கறாங்க. ஒரு தடவையாவது என் மெட்டைக் கேட்கட்டுமேன்னுதான்."