தினம் ஒரு வயர்

"நாளைக்கு அக்காவோட ஆராய்ச்சியைப் பார்க்கப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. நீயும் இருக்கியே!" என்று அம்மா குத்திக் காட்டினாள். தம்பி பயந்துபோய் நேரே அக்காவின் அறைக்குப் போனான்.

"அக்கா, அடிக்க மாட்டேன்னு சொல்லு. ஒரு வாரமா உன் கம்ப்யூட்டருங்களை இணைக்கிற வயர்ல தினம் ஒண்ணைப் பிடுங்கி விட்டது நான்தான். எல்லாரும் உன்னையே புகழ்றாங்கன்னு பொறாமை."

அக்கா துள்ளி எழுந்தாள்.

"தினம் ஒரு வயர் கழண்டு கிடந்துச்சே, அந்தக் குரங்கு நீதானா? எந்த வயர் போனாலும் தானே வேற வழி தேடிக்கிற நெட்வொர்க்தான்டா என் ஆராய்ச்சி! சொல்லாமக் கொள்ளாமப் பிடுங்க ஆளில்லாமத் தவிச்சேன். நீ பிடுங்கியும் ஒரு நிமிஷம்கூட அது நிக்கலை. நாளைக்கு அதைத்தான் காட்டப்போறேன்!"

அவனுக்குப் பயம் போய் அழுகை வந்தது.

"என் திருட்டுத்தனத்துக்கும் உனக்குத்தான் கைதட்டலா?"