மூன்று கற்களுக்கு நடுவே

புது மனைப்பிரிவில், வீடு கட்ட ஒத்துவராத முக்கோணத் துண்டைப் பூங்காவுக்கென்று விட்டு, மூலைக்கொன்றாக மூன்று எல்லைக்கற்களை நட்டிருந்தார்கள். நடுவில் விரல் உயரத்தில் ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது. கற்களுக்குள் இருக்கும்வரை யாரும் தன்னைப் பிடுங்கமாட்டார்கள் என்று அது நம்பியது.

பக்கத்து மனைக்காரருக்கு ஈசானிய மூலை கொஞ்சம் நீள வேண்டியிருந்தது. ஒரு கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள்.

“பெரியண்ணே, நான் பூங்காவுக்குள்தானே இருக்கிறேன்?” என்று கன்று கேட்டது.

“உள்ளேதான் தம்பி,” என்றது பெரிய கல்.

அடுத்தவருக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. இரண்டாவது கல்லும் உள்ளே வந்தது. மூன்றாமவரின் மாடிப்படி எங்கேயாவது இறங்கியாக வேண்டும். பெரிய கல்லே நகர்ந்து வந்தது.

“இப்போதும் உள்ளேதானே?”

“முன்னைவிடப் பத்திரம். மூவரும் உன்னை ஒட்டியே காவல் நிற்கிறோம், பார்.”

கன்று நிம்மதியாக ஒரு புது இலை விட்டது.

மறுநாள் காலை, டீ போட அடுப்புக் கல் தேடி வாட்ச்மேன் வந்தார். மூன்று கற்கள் வாகாக நிற்பதைக் கண்டதும் பாத்திரத்தைத் தூக்கி மேலே வைத்துவிட்டுச் சுள்ளி பொறுக்கப் போனார்.

திடீரென்று இருட்டிவிட்டது.

“அண்ணே, இன்னும் நான் பூங்காவுக்குள்தானே?”

“அதிலென்ன சந்தேகம்,” என்றது பெரிய கல். “நட்டநடுவில் இருக்கிறாய்.”