ஒன்று விடாமல்

திரையில் புகை இல்லை.

இடம் தவறிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"இடம் இதான் மேடம்," என்றான் ரெமிஜியூஸ். கப்பலின் அறையில் உட்கார்ந்தபடியே கடலடியில் ரோபோவை ஓட்டுகிறவன். "போன தடவ நாம அடையாளத்துக்குப் போட்ட மஞ்சக் கட்ட, அந்தா கெடக்கு."

கிடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு இங்கே பாறைப் புழைகளிலிருந்து வெந்நீர் கறுப்புப் புகைபோலப் பொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நத்தைகள். பாறையே தெரியாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. வெளிச்சம் என்ற ஒன்றையே அறியாத உயிர்கள். ஊற்றில் வரும் சூடும் கந்தகமும்தான் அவற்றின் பிழைப்பு.

இப்போது பாறை தெரிந்தது.

அதன் கீழே ஓடுகள். வெறும் ஓடுகள். சரிவு முழுக்க.

வெப்பமானி, கடலடியில் எங்கும் இருக்கிற அதே குளிரைக் காட்டியது.

ஊற்றுகள் அணைந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒன்று அணைந்தால் இன்னோர் இடத்தில் புதிதாகத் திறக்கும். பக்கத்து ஊற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து அங்கே குடியேறும். மாணவர்களுக்கு அவளே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள்.

இந்த நத்தைகளுக்கு அது பொருந்தாது. இவற்றின் மரபணுவை மற்ற ஊற்றுகளின் நத்தைகளோடு அவள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். உறவு அற்றுப்போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கிருந்தும் இங்கே எதுவும் வந்து சேரவில்லை. இங்கிருந்தும் எதுவும் எங்கும் போகவில்லை.

இவை இங்கே மட்டும்தான்.



ரெமிஜியூஸ் ரோபோவைச் சரிவில் இறக்கினான். ஒரு பாறையின் அடியில், கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அங்கே தண்ணீர் லேசாக நெளிந்தது.

சூடு.

வெடிப்பின் விளிம்பில் ஒரு கைப்பிடி நத்தைகள். உயிரோடு.

அவள் எழுந்துவிட்டாள். பயணத்தின் தலைவர் முகுந்தன் பின்னால் நின்றிருந்தார். அவர் பக்கம் திரும்பி, "இருக்கு சார், இருக்கு," என்றாள்.

மறுபடி திரையைப் பார்ப்பதற்குள் உறிஞ்சு குழாய் வேலையை முடித்திருந்தது.

"எடுத்துட்டேன் மேடம். ஒண்ணு விடல."

நத்தைகள் நிறைய இருக்கும் என்ற நினைப்பில் காலையில் அவள்தான் சொல்லியிருந்தாள், உயிரோடு எது தென்பட்டாலும் எடுத்துவிடுங்கள் என்று.

வெடிப்பில் தண்ணீர் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ரெமிஜியூஸுக்குப் புரிந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதான..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டான். பிறகு, யாரும் கேட்காமலே, ஒவ்வொரு பாறையாகத் தேட ஆரம்பித்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அவன் எழவில்லை.

எங்கும் ஓடுகள்தான்.

நத்தைகளோடு மேலே வந்த பெட்டியை அவள் குளிரறையில் வைத்துத் திறந்தாள். ஒரு நத்தை தயங்கித் தயங்கிக் தன் தசைக் காலை ஓட்டுக்கு வெளியே நீட்டியது. பெட்டியின் சுவரைப் பற்றிக்கொண்டது.

மேசையில் ஆல்கஹால் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒட்டியிருந்த சீட்டுகள் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. அவள் கை இடுக்கியை எடுத்திருந்தது. எப்போது எடுத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆல்கஹால்ல போட்டுரும்மா," என்றார் முகுந்தன். "எப்படியும் பொழைக்காது. கடைசியா பொழச்சதுங்களோட மரபணுவாவது மிஞ்சும்."

"திருப்பி விட்டுரலாம் சார்."

முகுந்தன் குப்பிகளின் வரிசையைப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னும் ஒரே ஒரு தடவதான் இறங்கலாம். அதோட கப்பல் திரும்பணும். நீ தேடணும்னு சொன்ன புது ஊத்துக்குன்னு வச்சிருக்கிறது அது. எத்தன வருஷமா கேட்டு வாங்கின."

"ஆமா சார்."

"அந்த வெடிப்பு மட்டும் எத்தன நாளைக்குச் சூடா இருக்கப்போகுது?"

"தெரியல சார்."

"சரி. ஒண்ணையாவது வச்சுக்கோ."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். எதை?

இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலை ரோபோ அதே வெடிப்புக்கு இறங்கியது. இவ்வளவு மெதுவாக ரெமிஜியூஸ் அதன் கையை அசைத்து அவள் பார்த்ததில்லை. பெட்டி சாய்ந்தது. நத்தைகள் விழுந்தன. சில விளிம்பிலேயே நின்றன. சில சரிவில் உருண்டு போயின. அவற்றைத் தேடித் தேடி, இரும்பு விரலால் பதமாகத் தள்ளி, சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான்.

எல்லாம் ஓட்டுக்குள் சுருங்கியிருந்தன.

காத்திருந்தார்கள்.

எதுவும் அசையவில்லை. கீழே கிடந்த வெறும் ஓடுகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முகுந்தன் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

"ரோபோவோட லைட்ட அணைச்சிருங்க," என்றாள்.

"அணைச்சா ஒண்ணும் தெரியாதே மேடம்."

"தெரியும். அதுங்களுக்கு இருட்டுதான் பழக்கம்."

அவன் அணைத்தான்.

திரை கறுத்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.