மூணு மாசத்துக்கு ஒரு தடவை

"இதுல ஏதோ உள்குத்து இருக்கு!" என்றபடியே தன் பெயின்ட் கடைக்குள் நுழைந்தார் முதலாளி.

கல்லாவில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க ஆச்சு?"

"விற்பனை வரிக் கணக்கை இனிமே மாசா மாசம் தாக்கல் பண்ண வேண்டாமாம். நம்ம மாதிரி சின்னக் கடைக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்கிறார் ஆடிட்டர்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை ஃபீஸ் வாங்குற மனுஷன், நாலு தடவை போதும்னு தானா சொல்வாரா? எங்கேயோ கோட்டை விட்டுட்டு மூடி மறைக்கிறார். நான் விடுவேனா? காலையில போனவன், எதிர்லயே உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டேன். மனுஷன் நெளியறார், கடிகாரத்தைப் பார்க்கறார், முகத்துல ஈயாடலை!"

மனைவியும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு.

"கணக்குல கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அது அஞ்சு நிமிஷம். அப்புறம் என் முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரன் சண்டைன்னு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். வழக்கமா கேட்கிற மனுஷன், இன்னிக்குக் காதுலயே வாங்கலை. சந்தேகமா இல்ல?"

அவர் முகம் கழுவ உள்ளே போனதும், மனைவி போனை எடுத்தாள்.

"சார், பழையபடி மாசா மாசமே இருக்கட்டும்."

"அம்மா, அவர் வந்தா அன்னிக்கு முழுக்க என் வேலை கெடுதும்மா!"

"தெரியும் சார். ஆனா மாசத்துல எனக்கு நிம்மதின்னு இருக்கிறதே அந்த ஒரு நாள்தான்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா ஃபீஸை இரட்டிப்பாக்கிக்குங்க!"