மாமியார் வேஷம்

மாமியார் கண்ணெதிரிலேயே மாமியாரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் மருமகள்.

மூக்கு நுனியில் மாமியாரின் கண்ணாடி. கழுத்தில் மாமியாரின் அளவு டேப். இடுப்பில் கையை வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"தையல்னா எறும்பு போற மாதிரி இருக்கணும். இது என்ன, குடிச்சுட்டுப் போன எறும்பா?"

சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெளியூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்த மகள், பையும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தத் தையல் கடையை அதட்டியே நடத்தின அம்மா, பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லாமல் நாற்காலியில் கிடக்கிறாள். அவள் முன்னாலேயே இப்படி ஒரு கூத்தா?

"பேச முடியாதவங்கன்னு குளிர் விட்டுப்போச்சா உனக்கு?"

சிரிப்பு நின்றது. "உட்காருங்க அண்ணி" என்றாள் மருமகள்.

மகள் உட்காரவில்லை. பெற்ற பெண்ணுக்குத்தான் வலிக்கும், வந்தவளுக்கு என்ன என்று ஆரம்பித்து, மருமகளின் பிறந்த வீடு வரைக்கும் போய்விட்டு வந்தாள். அம்மாவின் துணிமணியை எடுத்து வை, இன்றைக்கே கூட்டிப் போகிறேன் என்று முடித்தாள்.

மருமகள் கண்ணாடியை மறுபடி மூக்கு நுனிக்கு இறக்கினாள். அதே மாமியார் குரல்.

"துணியை வெட்டினா ஒட்டிக்கும், வார்த்தையை விட்டா திரும்பி வந்துரும். அளக்காம வெட்டு, அளக்காம பேசு."

வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் அம்மா சொல்லித் தரும் முதல் பாடம் அது. அதையே தலைகீழாக்கிவிட்டாள். மகள் வாயைத் திறப்பதற்குள், நாற்காலிக் கைப்பிடியில் டொக்கென்று ஒரு அடி விழுந்தது.

அம்மாவின் இடது கை. முகம் சிவந்து, உதடு கோணி, நாக்கு எதையோ தேடித் தவித்தது.

"ஒ... ஒட்...டாது."

காஜா எடுக்கிற பெண் கையிலிருந்த சட்டையை நழுவவிட்டாள். மருமகள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான் அண்ணி இத்தனை நாளா வேஷம் கட்டினேன். அச்சு அசலா நடிச்சா அத்தை சிரிச்சுட்டு விட்டுடறாங்க. தப்பும் தவறுமா நடிச்சாத்தான் திருத்தணும்னு வாய் துடிக்குது. வார்த்தை வந்தது இன்னைக்குத்தான்."

மகள் அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எனக்காக இன்னும் ஒரு வார்த்தை பேசும்மா."

அம்மா மருமகளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மெதுவாக உதட்டைக் கூட்டினாள்.

"அளந்து... பேசு."